கொழும்பு நகருக்குள்ளே மலிவான பப்: முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் கேட்டவை

எனக்குக் கோட்டையில் வேலை, வெள்ளவத்தையில் அறை. நான் இருக்கும் போர்டிங்குக்கு யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இளம் ஆட்கள் வேலைக்கு வந்து சேர்கிறார்கள். முதல் சம்பளம் கிடைத்த கிழமையில் அநேகமாக எல்லோரும் ஒரே கேள்விகளோடு என் கதவைத் தட்டுவார்கள். வாயால் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று விடுபட்டுப் போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

இங்கே நட்சத்திர ஹோட்டல்களையும் கடல் தெரியும் மொட்டை மாடிகளையும் பற்றி எதுவும் இல்லை. கோட்டை, கொம்பனித்தெரு, மருதானை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம், சுவரில் மின்விசிறியும் மேசையில் பிளாஸ்டிக் விரிப்புமாக இருக்கும் சாதாரண இடங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். அவற்றை முதலில் சாப்பாட்டுக் கடையாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கீழே பல பதில்கள் அதில்தான் வந்து நிற்கும்.

அண்ணா, பப், பார், வைன் ஸ்டோர்ஸ் எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. வைன் ஸ்டோர்ஸில் போத்தலை வாங்கிக்கொண்டு போகத்தான் முடியும். கம்பிக்குப் பின்னால் நின்று காசை வாங்கிக்கொண்டு போத்தலைத் தருவார்கள். அங்கேயே திறந்து குடிக்க முடியாது, வாசலில் நின்று குடித்தால் பொலிஸ் பிடிக்கும். பார், பப், ‘ரெஸ்டோரண்ட் அன்ட் பார்’ என்று பலகை போட்ட இடங்களில் உட்கார்ந்து குடிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேறு வேறு.

பார் என்றால் பெரும்பாலும் அவசரமாக வந்து நின்றபடி குடித்துவிட்டுப் போகும் இடம். பப் என்று பெயர் வைத்த மலிவான இடங்களில் சமையலறை இருக்கும், மேசைக்கு ஆள் வந்து ஓடர் எடுப்பார், இரண்டு மூன்று மணித்தியாலம் இருந்து கதைக்கலாம். ஊரில் தவறணைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த வித்தியாசம் முதலில் பிடிபடாது. தவறணையில் கள்ளுக்குத்தான் போவோம், தொட்டுக்கொள்ள ஏதாவது கிடைத்தால் சந்தோஷம். இங்கே சமையலறை நல்லதா என்று பார்த்துத்தான் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

எத்தின வயசில உள்ள விடுவினம்? ஐடி கேப்பினமா?

இருபத்தொன்று. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. பதினெட்டு போதும் என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். முகம் இளசாக இருந்தால் தேசிய அடையாள அட்டையைக் கேட்பார்கள். கேட்டால் கோபப்படாமல் காட்டுங்கள். அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும், திரும்பி வரும் வழியிலும் அது தேவைப்படலாம்.

மத்தியானம் ரெண்டரைக்குப் போனன், பூட்டிக் கிடந்தது. எத்தின மணிக்குத்தான் திறக்கிறாங்கள்?

பல பழைய இடங்களில் காலை பதினொரு மணி அளவில் திறந்து மத்தியானம் 2 மணிக்கு மூடுவார்கள். பிறகு மாலை 5 மணிக்குத் திறப்பார்கள். அனுமதிப்பத்திரத்தின் வகையைப் பொறுத்து நேரம் மாறும், சில இடங்களில் இடைவெளியே இல்லை. போகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்பது நல்லது.

நான் சொல்லும் நேரம் மாலை ஐந்தரை. எண்ணெய் புதிது, பரிமாறுகிறவருக்குக் களைப்பில்லை, மின்விசிறிக்குக் கீழே மேசை கிடைக்கும். ஏழரைக்குப் பிறகு கோட்டையில் அலுவலகக் கூட்டம் நிறைந்துவிடும். அப்போது சாப்பாடு வர முக்கால் மணித்தியாலம் ஆகும், அந்த முக்கால் மணித்தியாலத்தில் வெறும் வயிற்றோடு இரண்டாவது போத்தலைத் திறந்துவிடுவீர்கள். வெள்ளி இரவைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

போயாவுக்குத் திறப்பினமா?

திறக்க மாட்டார்கள். ஒவ்வொரு பௌர்ணமிப் போயா தினத்திலும் நாடு முழுவதும் மது விற்பனைக்குத் தடை. வருஷத்துக்கு 12 அல்லது 13 போயா வரும். வெசாக்கிற்கு இரண்டு நாள் மூடுவார்கள். ஒக்டோபர் 3, சர்வதேச மதுவொழிப்பு தினத்திலும் கடை இல்லை. இவை தவிர, புதுவருடம் போன்ற நாள்களுக்குத் திணைக்களம் அவ்வப்போது அறிவிக்கும்.

போயாவுக்கு முதல் நாள் மாலை இந்த இடங்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கு இல்லை என்ற நினைப்பில் எல்லோரும் ஒன்று கூடக் குடிப்பார்கள். அன்றைக்குப் போகாதீர்கள்.

நான் குடிக்கிறேல்ல. சாப்பிட மட்டும் போனா ஒரு மாதிரிப் பாப்பினமா?

பார்க்க மாட்டார்கள். பரிமாறுகிறவருக்குச் சாப்பாட்டு ஓடரும் ஓடர்தான். எங்கள் கூட்டத்தில் குடிக்காதவர் இருவர், ஜிஞ்சர் பியரோ நெக்டோவோ எடுத்துக்கொண்டு எங்களை விட அதிகமாகச் சாப்பிடுவார்கள். ஜிஞ்சர் பியர் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எலிபன்ட் ஹவுஸ் இஞ்சிச் சோடாதான், மதுசாரம் இல்லை.

ஒன்றை மட்டும் முதலே பேசி வையுங்கள்: பில்லை எப்படிப் பிரிப்பது. குடிக்காதவர் மேல் குடித்தவர்களின் கணக்கைச் சமமாகப் போடுவது அநியாயம். சாப்பாட்டை எல்லோரும் பிரித்துக்கொள்ளலாம், போத்தலைக் குடித்தவர்கள் மட்டும் பிரித்துக்கொள்ளட்டும்.

மெனுவில முழுக்க டெவல் டெவல் எண்டு கிடக்கு. எதை எடுக்கிறது?

குடிக்கும்போது கொறிப்பவற்றைப் பைட்ஸ் என்று கேட்டாலே எல்லோருக்கும் புரியும். டெவல் என்பது ஒரு முறை: இறைச்சியையோ மீனையோ பொரித்து, பெரிதாக வெட்டிய வெங்காயம், தக்காளி, கறிமிளகாய் போட்டு, மிளகாயும் சோயாவும் தக்காளி சோஸும் வினாகிரியும் சேர்த்துப் பெரிய தீயில் பிரட்டி எடுப்பது. கோழி, பன்றி, இறால், கணவாய், ஈரல், குடல், உருளைக்கிழங்கு என்று எதிலும் செய்வார்கள். ‘ட்ரை’யா ‘கிரேவி’யா என்று கேட்பார்கள். கொறிக்கத்தான் என்றால் ட்ரை. சோற்றோடோ பாணோடோ சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கிரேவி.

கொழும்பில் எல்லோரும் தேடுவது ஹொட் பட்டர் கணவாய். இலங்கைச் சீனச் சமையல் தந்த பதார்த்தம் அது. கணவாயை மாவில் தோய்த்து மொறுமொறுப்பாகப் பொரித்து, வெண்ணெயில் செத்தல் மிளகாயும் உள்ளியும் வெங்காயத் தாளும் வதக்கி, அதில் போட்டுப் பிரட்டி உடனே கொண்டு வர வேண்டும். வந்ததும் சாப்பிடுங்கள். பத்து நிமிஷம் கதைத்துக்கொண்டு இருந்தால் மாவு நனைந்து, கணவாய் இறப்பர் ஆகிவிடும். ஒரு சமையலறையை அளக்க எனக்கு இந்த ஒரு தட்டுப் போதும். பெரிய மாவு உருண்டைக்குள் சிறு துண்டுக் கணவாய் இருந்தால் அடுத்த தடவை வேறு இடம். கணவாயின் வடிவம் மாவுக்கு வெளியே தெரிந்தால் அங்கே மற்றவையும் நன்றாகத்தான் இருக்கும்.

காசு குறைவாக இருக்கும் நாளுக்கு என் தெரிவு: தாளித்த கடலை, பொரித்த நெத்தலி, மரவள்ளிப் பொரியல். மூன்றும் மலிவு. நெத்தலியை வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளியோடு கேளுங்கள், பல இடங்களில் செய்து தருவார்கள். கடலை வயிற்றில் தங்கும். இதற்கெல்லாம் மேலே ஒரு முட்டைப் பொரியல் எடுத்தால் இருவருக்கு மாலைச் சாப்பாடு முடிந்தது. நால்வர் என்றால் பெரிய பிரைட் ரைஸ் ஒன்றும் ஒரு டெவலும் எடுத்துப் பங்கிடுங்கள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் பாதி மிச்சம் போகும். மிச்சத்தைப் பார்சல் கட்டித் தருவார்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நான் மச்சம் சாப்பிடுறேல்ல. மரக்கறி ஏதும் இருக்குமோ?

இருக்கும், ஆனால் விசாரித்துத்தான் எடுக்க வேண்டும். கடலையில் சில இடங்களில் நெத்தலியோ மாசிக் கருவாடோ போடுவார்கள். சம்பலில் மாசி இருப்பது வழக்கம். கங்குன் கீரை, மரக்கறிச் சொப்சி போன்றவற்றில் சிப்பி சோஸ், அதாவது ஓய்ஸ்டர் சோஸ், ஊற்றுவார்கள், மெனுவில் மரக்கறி என்றே இருக்கும். மரக்கறி பிரைட் ரைஸில் முட்டை கிடக்கும். ‘மாசி வேண்டாம், முட்டை வேண்டாம், ஓய்ஸ்டர் சோஸ் வேண்டாம்’ என்று மூன்றையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘வெஜ்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இவ்வளவும் சொன்னாலும் பொரிக்கும் எண்ணெய் ஒன்றுதான். அது மனத்துக்கு ஒப்பாது என்றால் வெள்ளிக்கிழமை சைவக் கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு சனிக்கிழமை போங்கள். என் அறைத் தோழர் அப்படித்தான் செய்கிறார்.

என்ர முஸ்லிம் சிநேகிதனும் வாறன் எண்டுறான். குடிக்க மாட்டான், சாப்பாடு சரிவருமா?

இப்போது சொன்ன எண்ணெய் விஷயம்தான் இங்கே இன்னும் பெரிதாக வரும். இந்த இடங்களில் பன்றி இறைச்சி சமைப்பார்கள், தாச்சியும் கரண்டியும் பொது. கோழி டெவல் எடுத்தாலும் அதே தாச்சி. இதை அவருக்கு முதலே சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் வந்தால் நாங்கள் முதலில் ஒரு முஸ்லிம் கடையில் எல்லோருமாகக் கொத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவோம். அவர் பப்பில் சோடா மட்டும் எடுப்பார். யாருக்கும் குறை இல்லை.

பியர் லைட்தானே? சாராயத்தை விடப் பயமில்லைத்தானே?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

பெரிய பியர்ப் போத்தல் 625 மில்லிலீற்றர். லயன் லாகரில் மதுசாரம் 4.8 வீதம். அப்படியானால் ஒரு போத்தலில் சுத்த மதுசாரம் 30 மில்லிலீற்றர். லயன் ஸ்ட்ரோங் 8.8 வீதம், அதே போத்தலில் 55 மில்லிலீற்றர். இனிச் சாராயம்: காற்போத்தல் 180 மில்லிலீற்றர், 33 வீதம் என்று வைத்தால் சுத்த மதுசாரம் ஏறக்குறைய 60 மில்லிலீற்றர். ஆக, ஒரு பெரிய ஸ்ட்ரோங் குடித்தவர் கிட்டத்தட்ட ஒரு காற்போத்தல் சாராயம் குடித்திருக்கிறார். ‘நான் பியர் மட்டும்தான்’ என்று சொல்லிக்கொண்டு இரண்டு ஸ்ட்ரோங் எடுக்கிற பிள்ளைகளுக்கு இதை நான் கடதாசியில் எழுதிக் காட்டுவேன். விலையில் லாகருக்கும் ஸ்ட்ரோங்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால், காசுக்கு லாபம் என்று ஸ்ட்ரோங்கை எடுக்கிறார்கள்.

உடம்பு மணித்தியாலத்துக்கு 10, 12 மில்லிலீற்றர் அளவுதான் கழிக்கும். ஒரு லாகருக்கு இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல், ஒரு ஸ்ட்ரோங்குக்கு ஐந்து மணித்தியாலம். கோப்பி, குளிப்பு, தேசிக்காய் எதுவும் இந்தக் கணக்கை வேகப்படுத்தாது. முதலே சாப்பிட்டிருந்தால் மட்டும் ஒரு உதவி உண்டு. வயிறு நிறைந்திருக்கும்போது மது குடலுக்கு மெதுவாகத்தான் இறங்கும், அதனால் தலைக்கு ஒரேயடியாக ஏறாது. மேசையில் இருந்ததும் சாப்பாட்டை முதலில் சொல்லுங்கள், தட்டு வந்த பிறகு போத்தலைத் திறக்கச் சொல்லுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சாராயம் எண்டா எங்கட பனஞ்சாராயம் மாதிரியோ? எதோட கலக்கிறது?

கொழும்பில் சாராயம் என்றால் தென்னை. தென்னம் பாளையைச் சீவி எடுத்த கள் தானாகப் புளிக்க, அதை வடித்து மரப் பீப்பாயில் வைத்து எடுப்பது. மலிவான வகைகளில் வேறு மதுசாரமும் கலந்திருக்கும். முழுவதும் தென்னைதான் என்றால் லேபிளில் அதைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். முதல் தடவை என்றால் பழைய சாராயம் என்று கேட்டு வாங்குங்கள், தொண்டைக்கு மென்மை.

கலப்பதற்குச் சோடா, அல்லது ஜிஞ்சர் பியர். இனிப்பு ஜிஞ்சர் பியரில் காரம் தெரியாது. தெரியாதபடியால் வேகமாக இறங்கிவிடும். நான் சோடாவும் ஒரு துண்டுத் தேசிக்காயும் போட்டுக்கொள்வேன். ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர், மூடி உடையாத போத்தல் தண்ணீராகப் பார்த்து எடுங்கள். சாராயப் போத்தலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்வது உங்கள் உரிமை, மூடியில் மதுவரித் திணைக்களத்தின் ஒட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கேயாவது பின்கதவால் பெயரில்லாத மலிவுச் சரக்கு காட்டினால் அந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டாம். கள்ளமாக வடிக்கும் கசிப்பால் கண்ணும் உயிரும் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒராளுக்கு எவ்வளவு காசு கொண்டு போகோணும்?

தொகை எழுதினால் அடுத்த ஜனவரிக்குள் பிழையாகிவிடும். 2023, 2024, 2025 என்று மூன்று வருஷமும் ஜனவரியில் மதுவரி கூடியது. அதனால் முறையைச் சொல்கிறேன். முதலில் பக்கத்து வைன் ஸ்டோர்ஸில் அதே போத்தல் என்ன விலை என்று பாருங்கள். பப்பில் அதற்கு மேல் வைப்பார்கள், அது நியாயம்தான், கதிரையும் குளிரும் சமையலும் அதில் இருக்கிறது. அந்த மேல்விலை எவ்வளவு என்பதுதான் மலிவான இடத்தையும் மலிவு போல் தெரியும் இடத்தையும் பிரித்துக் காட்டும்.

அடுத்தது மெனுவின் அடியில் உள்ள பொடி எழுத்து. சேவைக் கட்டணம் 10 வீதம் தனியாகச் சேருமா? வற் வரி, அதாவது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி, விலைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா? இரண்டும் வெளியே என்றால் நீங்கள் கூட்டிப் பார்த்த தொகைக்கு மேலே ஏறத்தாழ 30 வீதம் வரும் என்று எண்ணிக்கொண்டு போங்கள். சின்ன இடங்களில் பெரும்பாலும் போட்ட விலைதான் விலை. கையில் காசாகக் கொண்டு போங்கள், மெஷின் வேலை செய்யவில்லை என்ற பதில் சாதாரணம். அட்டைக்கு மேலதிகமாக இரண்டரை, மூன்று வீதம் கேட்டால், அப்படி வாடிக்கையாளரிடம் அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருப்பதைப் பணிவாக ஞாபகப்படுத்தலாம்.

பில்லில கூடப் போட்டிட்டாங்கள் போல கிடக்கு. சண்டை பிடிக்கிறதோ?

சண்டை வேண்டாம், கணக்கு வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு இடத்தில் எங்கள் நால்வருக்கு வந்த பில்லில் நாங்கள் எடுக்காத இரண்டு போத்தலும் ஒரு இறால் டெவலும் இருந்தன. நாங்கள் கதையில் இருந்தோம், வெறும் போத்தல்களை அவ்வப்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. கொடுத்துவிட்டு வந்தோம். அன்று எங்களோடு வந்தவர் ஒருவருக்கு அது மாதக் கடைசிக் காசு. அந்த முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அதிலிருந்து மூன்று பழக்கம். வெறும் போத்தலை மேசைக்குக் கீழே வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு ஓடரையும் போனில் குறித்து வைப்பேன். ஆறு மணிக்கு எடுத்ததற்கு ஏழரைக்கு ஒரு இடைப் பில் கேட்பேன். பிழை கண்டால் பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கத்தாமல், காசாளர் மேசைக்குப் போய் வரி வரியாகக் காட்டுங்கள். பல தடவை அது உண்மையான தவறுதான், உடனே வெட்டிவிடுவார்கள். வெட்டாவிட்டால் பில்லின் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து, நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

எனக்குச் சிங்களம் வராது. தமிழில கதைச்சா பிரச்சினை வருமோ?

இந்தக் கேள்வியை மெல்லிய குரலில்தான் கேட்பார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் அண்ணன்மார் காலத்தில் கொழும்பில் இரவு வெளியே போவதென்றால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி என்று எத்தனை பயம். அந்தப் பயம் வீட்டில் கேட்ட கதையாக இன்றும் கூட வருகிறது. நான் போகும் இடங்களில் தமிழில் கதைத்ததற்காக யாரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. பரிமாறுகிறவர்களில் பலர் மலையகத்துப் பிள்ளைகள். நீங்கள் தமிழில் கேட்டதும் முகம் மலர்ந்து, இன்றைக்கு எது புதிது, எதை எடுக்க வேண்டாம் என்று உண்மையைச் சொல்வார்கள்.

நாலு சிங்களச் சொல் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தண்ணீர் வத்துர, உறைப்புக் குறைவாக மிரிஸ் அடுவென், இன்னும் ஒன்று தவ எகக், எவ்வளவு கீயத. இளையவரை மல்லி என்றும், மூத்தவரை அய்யா என்றும் கூப்பிடலாம். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், நம் ஊர் ஐயா இல்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தால் தம்பி என்றே கூப்பிடுங்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பில்லில் சேவைக் கட்டணம் இருந்தாலும் மேசையில் ஏதாவது வைத்துவிட்டு வாருங்கள், அந்தக் காசு கையோடு அவருக்குப் போகும்.

நாங்கள் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். போகலாமா? சட்டத்தில தடை எண்டு ஒபிசில சொல்லினம்.

அவர்கள் சொல்வது எங்கிருந்து வந்ததென்றால், 1979இல் வந்த ஒரு மதுவரி அறிவித்தல், பெண்களுக்கு மது விற்பதையும் மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாள்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு மனுக்கள் போயின. அப்படி ஒரு விதி எழுதப்பட்டதே தவறு என்பதுதான் என் எண்ணம்.

நடைமுறையில் கொழும்பில் மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறும் பப்களில் பெண்கள் வந்து குடிப்பதும் சாப்பிடுவதும் சாதாரணம். ஆனால் இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிது. நின்றபடி குடிக்கும் பார்களில் வசதியாக இருக்காது, கழிப்பறை ஒன்றுதான் இருக்கும். முதல் தடவை சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய் இடத்தைப் பாருங்கள்: குடும்பமாக யாராவது இருக்கிறார்களா, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அதன் கதவு பூட்டுமா. எங்கள் அலுவலகப் பிள்ளைகள் இந்த மூன்றையும் பார்த்துத்தான் தங்கள் இடத்தைத் தெரிவு செய்தார்கள். கிளாஸை மேசையில் தனியே விட்டுவிட்டு எழும்ப வேண்டாம் என்பது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

வைன் ஸ்டோர்ஸில வாங்கின போத்தலைக் கொண்டுபோய் பப்பில இருந்து குடிக்கலாமா?

முடியாது. அனுமதிப்பத்திரம் உள்ள இடம் தன் போத்தலைத்தான் விற்கும். அனுமதி எடுக்காத சில சீனச் சாப்பாட்டுக் கடைகளில் சிறு கட்டணத்துக்கு விடுவார்கள். முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளுக்குச் சிகரெட் பத்தலாமோ?

மூடிய பொது இடங்களுக்குள் தடை. மேலே வயதுக்குச் சொன்ன அதே 2006 சட்டம். வெளியே ஒரு மூலை இருக்கும், பரிமாறுகிறவரைக் கேளுங்கள்.

நான் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுறன். ஒரு பியர் குடிச்சாக் காரியமில்லைத்தானே?

அதை உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில நீரிழிவு மருந்துகளோடு, முக்கியமாக இன்சுலினோடு, வெறும் வயிற்றில் குடித்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். அந்த மயக்கம் பார்ப்பவருக்கு வெறி மாதிரியே தெரியும், ‘தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். உங்களுக்கு நீரிழிவு என்று மேசையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வயிற்றுக்கும் பல்லுக்கும் தரும் மெட்ரோனிடசோல் குளிசை எடுக்கும் நாள்களில் ஒரு சொட்டும் வேண்டாம். குடித்த இரவில் தலையிடிக்குப் பனடோலை அள்ளிப் போடவும் வேண்டாம், ஈரலுக்குக் கூடாது. யாராவது எழுப்பியும் எழும்பாவிட்டால், ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மோட்டச்சைக்கிள்ல போனனான். மெல்ல மெல்ல ஓடி வரலாம்தானே?

வரக் கூடாது. நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது சட்ட எல்லை. பலூன் ஊதச் சொல்லிப் பிடித்தால் வழக்கு, தண்டம், சாரதி அனுமதிப்பத்திரம் கைவிட்டுப் போகும். அந்த எல்லைக்குக் கீழேயும் கை தடுமாறும். மேலே பியர்க் கணக்கில் பார்த்தீர்கள், எட்டு மணிக்கு முடித்த ஸ்ட்ரோங் நள்ளிரவு தாண்டியும் உடம்பில் இருக்கும். சைக்கிளை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கோட்டையிலிருந்து கரையோர ரயில் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று வரும். காலி வீதியில் 100, 101 பஸ்கள். இரண்டும் இரவு ஏற ஏறக் குறைந்துவிடும், அதனால்தான் ஐந்தரைக்குப் போய் எட்டரைக்கு எழும்பச் சொல்கிறேன். பிந்தினால் நால்வர் சேர்ந்து செயலியில் ஓட்டோ பிடித்தால் ஆளுக்குப் பெரிதாக வராது. இந்த ஓட்டோக் காசை மேசையில் இருக்கும் முன்பே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

எங்கட ரூமில ஒருத்தன் ஒவ்வொரு நாளும் போறான். கூப்பிட்டா நாங்களும் போறம். விடுறதோ?

கூடப் போவதை நிறுத்துங்கள், ஆளை விட்டுவிடாதீர்கள். ஒரு பின்னேரம் பப் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், காலிமுகத் திடலில் இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டு நடந்தால் போதும், அங்கே கதையுங்கள். கடன் வாங்குகிறாரா, காலையில் கை நடுங்குகிறதா, தனியாகவும் போகிறாரா என்று பாருங்கள். கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் திடீரென்று தானாக நிறுத்துவது உடம்புக்கு ஆபத்து, வைத்தியர் உதவி வேண்டும். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர இதற்கென்றே இருக்கிறது. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள், தனியாக அந்த வாசலை மிதிப்பது கஷ்டம்.

அப்பா ஊரிலயிருந்து வாறார். முதல் சம்பளத்தில ஒரு நாள் கூட்டிக்கொண்டு போக ஆசை. சரியோ?

சில வீடுகளில் அப்பாவுக்கு முன்னால் பிள்ளை கிளாஸ் தொடுவது நினைக்கவே முடியாத விஷயம். உங்கள் வீடு எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் அப்பா வந்தபோது அவருக்கு ஒரு சாராயமும் சோடாவும் சொன்னேன், எனக்கு ஜிஞ்சர் பியர். அவர் என் கிளாஸைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கணவாய் வந்ததும் முதல் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

இரவில் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், சத்தத்தில் அவருக்குக் கதை கேட்காது. கிழமை நாளில் அரை நாள் லீவு எடுத்து, பன்னிரண்டு மணிக்குப் போங்கள். சுவர்ப் பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத மேசை. நெத்தலியும் கணவாயும் முதலில், மத்தியானச் சோறும் கறியும் இருந்தால் அதைப் பின்னால். இரண்டு மணிக்கு மூடுவார்கள் என்று முதலே சொல்லிவிடுங்கள். நாள் குறிக்கும் முன் கலண்டரில் போயா விழுகிறதா என்று பாருங்கள்.